மூட்டைக்கு வெளியே கிடந்த மணல்

"மாஸ்டர், என் வீட்டுக்காரியைத் தூக்கறதுக்குப் பலம் வேணும்னு வந்தேன். நீங்க என்னை முக்காலியில உக்காரு, எழுந்திருன்னே நாளை ஓட்டறீங்க. இது இன்னா பயிற்சி?"

கஜேந்திரன் இப்படிக் கேட்டபோது அவர் முகமெல்லாம் வேர்வை.

மாஸ்டர் முக்காலியைக் காலால் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.

"உக்காருங்க நைனா."

உட்கார்ந்தார்.

"எழுந்திருங்க."

எழுந்தார்.

கேட்டதற்குப் பதில் அவ்வளவுதான்.

*

அது குடியாத்தத்தில், கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த சின்ன ஜிம். தகரக் கூரை. ஒரு மின்விசிறி. மாஸ்டர் பெயர் தணிகைவேல். முன்பு பளு தூக்கும் போட்டிகளுக்குப் போய்வந்தவர். கஜேந்திரனின் மகனைவிட வயதில் சின்னவர். அந்த ஊர்ப்பக்கம் அப்பாவை நைனா என்பார்கள். மாஸ்டரும் கஜேந்திரனை அப்படித்தான் கூப்பிட்டார்.

கஜேந்திரன் லுங்கி மண்டியில் பேல் கட்டிக்கொண்டிருந்தவர். லாரியில் வடநாடு போகிற துணிக் கட்டுகளை மடித்து, சாக்கு சுற்றி, கயிறு போட்டு இறுக்குகிற வேலை. அவர் போட்ட முடிச்சை அவிழ்க்க அவரேதான் வரவேண்டும் என்பார்கள்.

தை மாதத்தில் ஒரு காலை, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் அந்த ஜிம் வாசலில் வந்து நின்றார்.

"இன்னா வேணும் நைனா? சுகரா, தொப்பையா?" என்று கேட்டார் மாஸ்டர்.

"சுகர் இல்ல. தொப்பை இருக்குது, அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும். என் வீட்டுக்காரியைத் தூக்கணும்."

கண்ணாடி முன்னால் டம்பெல்ஸோடு நின்றிருந்த செல்போன் கடை முரளி திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

"நைனா, இந்த வயசுலயா?"

கஜேந்திரன் சிரிக்கவில்லை.

"பக்கவாதம் தம்பி. இடது பக்கம் பூரா விழுந்துடுச்சு. வலது கை மட்டும்தான் அசையுது. கட்டில்லேர்ந்து பாத்ரூமுக்கு நான்தான் தூக்கிட்டுப் போறேன். போன மாசம் கை நழுவிக் கீழ போட்டுட்டேன்."

முரளி டம்பெல்ஸைச் சத்தமில்லாமல் தரையில் வைத்தான்.

"ஆள் வெச்சுக்கலாமே?" என்றார் மாஸ்டர்.

"மகனும் ஓசூர்லேர்ந்து போன்ல அதான் சொல்றான். அவ ஒத்துக்க மாட்டா. வேத்து ஆள் கை பட்டா உடம்பைக் கட்டையாக்கிக்கிறா."

அவரே தொடர்ந்தார்.

"எங்களுது மாடி வீடு. வாதம் வந்ததுலேர்ந்து அவ கீழ இறங்கல. வைகாசி பொறந்தா கெங்கையம்மன் சிரசு வருது. அம்மன் தலையை ஊர்வலமா எடுத்து வருவாங்க இல்ல, அதைத் தெருமுனைக்கு வந்து பாக்கணுமாம். கல்யாணம் ஆகி இந்த ஊருக்கு வந்ததுலேர்ந்து ஒரு வருசமும் அவ விட்டதில்ல."

"சேர்ல உக்கார வெச்சு நாலு பேர் தூக்கினா ஆச்சு. நான்கூட வரேன் நைனா," என்றான் முரளி.

"அதுக்கும் பதில் வெச்சிருக்கா தம்பி. நாலு பேர் தூக்கறது ஒரே ஒரு தடவைதான், அதுக்கு இன்னும் நேரம் இருக்குதுங்கறா."

மின்விசிறி மட்டும் கடகடவென்று சுற்றியது.

மாஸ்டர் உள்ளே போய் ஒரு காலிச் சாக்கு எடுத்து வந்தார். பக்கத்து மனையில் கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த மணலில் நாலைந்து பக்கெட் அள்ளி வந்து வைத்தார்.

"அம்மா எவ்ளோ கனம்?"

"தெரியாது. ஆஸ்பத்திரியில நிக்க முடியலன்னு எடையே பாக்கல."

"உங்க கைக்குத் தெரியும். சொல்லுங்க, போடறேன்."

மாஸ்டர் மணலைக் கொட்டக் கொட்ட, கஜேந்திரன் சாக்கின் அடியில் இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கிப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"இன்னும்."

கொட்டினார்.

"இன்னும் கொஞ்சம்."

கொட்டினார்.

"போதும். இதான் என் வீட்டுக்காரி சம்பூர்ணம்."

அவரே சாக்கின் வாயைத் திருகி, கயிறு சுற்றி, பேல் கட்டுகிற முடிச்சாகப் போட்டார்.

"தூக்குங்க," என்றார் மாஸ்டர்.

கட்டில் உயரம் இல்லாததால் கஜேந்திரன் தரை வரைக்கும் குனிந்து மூட்டையைக் கட்டிப் பிடித்தார். தரையைவிட்டு ஒரு விரல் அளவு எழுந்தது. அதற்குள் முதுகு பிடித்துக்கொண்டது. சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினார்.

மாஸ்டர் மூட்டையை உருட்டிக்கொண்டு போய் மூலையில் வைத்தார்.

"இது இங்கயே இருக்கட்டும். இப்போதைக்குத் தொட வேணாம்."

பிறகு முக்காலியைக் கொண்டுவந்து போட்டார்.

*

அதன்பிறகு தினமும் முக்காலிதான்.

உட்காருவது, எழுந்திருப்பது. மணல் பக்கெட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து நடப்பது. நடந்ததும் கீழே வைப்பது. அப்படி வைக்கும்போதுதான் மாஸ்டர் பக்கத்தில் வந்து நிற்பார்.

"மெதுவா."

"மெதுவாத்தான் வெச்சேன்."

"சத்தம் கேட்டுது. பக்கெட்டுக்கு வலிக்காது. திரும்ப எடுங்க."

கஜேந்திரன் முணுமுணுத்துக்கொண்டே திரும்ப எடுப்பார். முரளிக்கு ஒரே வேடிக்கை. மூலையில் இருக்கும் மூட்டையைக் காட்டி, "நைனா, உங்க ஆளு நல்லாத் தூங்குது, காப்பி போட்டு எழுப்பட்டுமா?" என்பான்.

"அது தூங்கட்டும். நீ உன் வேலையைப் பாரு. கண்ணாடியில அப்படி என்னதான் தெரியுதோ உனக்கு!"

நாள் போகப் போக கஜேந்திரனுக்குக் கோபம் குறைந்தது. வீட்டில் தூக்குவது சுலபமாகிக்கொண்டு வந்தது. சந்தோஷத்தை மனசுக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாத மனிதர். ஜிம்முக்குள் நுழையும்போதே ஆரம்பித்துவிடுவார்.

"மாஸ்டர், இன்னிக்கு மூச்சே வாங்கல."

"அம்மா சாப்பிட்டாங்களா?"

"அது கோழிக்குஞ்சு மாதிரி கொறிக்கும். ரெண்டு வாய்க்குள்ள வயிறு நெறஞ்சிடுச்சும்பா. அதை விடுங்க. இன்னிக்குப் பாத்ரூம் வரைக்கும் எங்கயும் நிக்காமப் போனேன்."

மாஸ்டர் தலையை ஆட்டினார்.

இன்னொரு நாள் வந்து சொன்னார். "தூக்கும்போது அவ வளையல் என் கழுத்துல கீறிக்கிட்டே இருந்துச்சு. கழட்டி பீரோவுல வெச்சிடுங்கன்னா. இழுத்தேன், சோப்பு கீப்பு ஒண்ணும் தேவைப்படல, அது பாட்டுக்கு வந்துடுச்சு. இப்போ தொல்லை இல்ல."

"ரவிக்கை எல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சு மாஸ்டர். ஊக்கு போட்டு விடறேன். பொம்பள வேலை எல்லாம் கத்துக்கிட்டேன் போங்க!" என்றார் வேறொரு நாள்.

"தண்ணி குடிக்கிறாங்களா?" என்று ஒருநாள் மாஸ்டர் கேட்டார்.

"கேக்கவே மாட்டா. குடிச்சா அடிக்கடி தூக்கணுமேன்னு என் மேல இரக்கம். நல்ல மனசு மாஸ்டர் அவளுக்கு."

"ஒருதரம் டாக்டர்கிட்ட காட்டுங்க நைனா."

"எதுக்கு? அவ நல்லாத்தான் இருக்கா. நான் காலையில தட்டுல இட்லி வெச்சிட்டு இங்க வரேன். திரும்பிப் போனா தட்டு காலி. அப்புறம் பாருங்க, எங்க வீட்டு ஜன்னலுக்கு இப்போ காக்கா வருது பாருங்க, அமாவாசைக்குப் படைச்சாக்கூட அவ்ளோ வராது. நம்ம பெரியவங்க எல்லாம் கூட்டமா வந்து பாத்துட்டுப் போறாங்கன்னு சிரிக்கிறா."

அவரும் சிரித்தார். முரளியும் சிரித்தான்.

மாஸ்டர் மூலையில் இருந்த மூட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

*

வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. கஜேந்திரன் சம்பூர்ணத்தைக் கட்டிலிலிருந்து தூக்கி நிமிரும்போதெல்லாம் அவள் அவர் காதுக்குப் பக்கத்தில் கேட்பாள்.

"கனக்கிறேனாங்க?"

முதலில் அவருக்குப் பதில் சொல்ல மூச்சு இருக்காது. பிறகு, "பரவாயில்ல," என்றார். அதற்கும் பிறகு, "பூ மாதிரி இருக்கே சம்பூர்ணம்," என்றார்.

அப்படிச் சொன்ன அன்று அவள் முகம் மலர்ந்துவிட்டது. பரீட்சையில் பாஸானவள் மாதிரி.

*

சித்திரை முடியப்போகிற சமயம். வெயில் தகரக் கூரையைப் பொசுக்கியது. கஜேந்திரன் ஒரு தூக்கு நிறையச் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தார்.

"எடுத்துக்கோங்க மாஸ்டர். முரளி, நீயும் வா. நேத்து அவளைத் தூக்கிட்டு மாடிப்படி பாதி வரைக்கும் இறங்கித் திரும்ப ஏறிட்டேன். சிரசுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன். நான் ஜெயிச்சிட்டேன்!"

முரளி விசில் அடித்தான். "நைனா, இனிமே என் பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்காதீங்க. எனக்கு மரியாதை போயிடும்."

"நாளையிலேர்ந்து நான் வரல மாஸ்டர். வேலை முடிஞ்சுது. உங்களை மறக்க மாட்டேன்."

மாஸ்டர் பொங்கலை ஒரு விரலால் எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். கையைத் துடைத்தார். மூலைக்குப் போய், மூட்டையை நடுவில் உருட்டிக்கொண்டு வந்து விட்டார்.

"தூக்கிட்டுப் போங்க நைனா."

கஜேந்திரன் துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டார். முழங்காலை மடித்து, முதுகை நேராக வைத்து, கற்றுக்கொடுத்தபடியே மூட்டையை நெஞ்சோடு அணைத்து எழுந்தார்.

முழங்கால் வரைக்கும் வந்தது.

அதற்கு மேல் வரவில்லை.

மெதுவாகக் கீழே வைத்தார். அதை மட்டும் சரியாகச் செய்தார்.

"பிடி சரியில்ல," என்றார்.

திரும்ப எடுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது. முழங்கால் வரைக்கும்தான்.

முரளி சிரிக்க வாயைத் திறந்து, மூடிக்கொண்டான்.

"எவனோ மணல் சேர்த்துப் போட்டிருக்கான்." கஜேந்திரன் முரளியைப் பார்த்தார். "விளையாட்டா தம்பி?"

"ஐயோ நைனா, அம்மன் மேல சத்தியமா இல்ல. நான் பேசறதோட சரி. தொட்டதே இல்ல."

கஜேந்திரன் குனிந்து மூட்டையின் வாயைப் பார்த்தார்.

அவர் போட்ட முடிச்சு. அவர் இழுத்து இறுக்கிய கயிறு. முடிச்சின் மடிப்பில் தூசி படிந்து, மேலே ஒரு சிலந்தி நூல் கட்டியிருந்தது.

விரலால் தடவினார்.

"மணல் ஈரம் குடிச்சிருக்குமா மாஸ்டர்?"

"இந்த வெயில்லயா?"

கஜேந்திரன் கயிற்றை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார்.

"அவுத்துடுங்க நைனா," என்றார் மாஸ்டர்.

அவிழ்த்தார்.

"வீட்டுல இருக்கற அம்மா அளவுக்கு வர்ற வரைக்கும் எடுங்க."

கஜேந்திரன் ஒரு கை மணல் அள்ளித் தரையில் போட்டார். மூட்டையின் அடியில் கை கொடுத்துப் பார்த்தார். இன்னொரு கை அள்ளினார். திரும்பக் கை கொடுத்துப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் அள்ளினார். கண்ணை மூடி, தூக்கி, இல்லை என்று தலையை ஆட்டி, திரும்ப அள்ளினார்.

தரையில் மணல் குவிந்துகொண்டே வந்தது.

கடைசியில் மூட்டையை வாரி எடுத்தார். அது லேசாக எழுந்து அவர் தோளில் சாய்ந்துகொண்டது.

"இதான்," என்றார்.

கண்ணைத் திறந்தார். கீழே கிடந்ததைப் பார்த்தார். குழந்தை ஒன்று உட்கார்ந்திருக்கிற உயரத்துக்கு இருந்தது குவியல்.

"இதெல்லாம் எங்க போச்சு மாஸ்டர்?"

கஜேந்திரன் மூட்டையை இறக்காமல் அப்படியே நின்றார்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீங்கதானே தினமும் வந்து சொன்னீங்க நைனா."

*

மாடிப்படி ஏறும்போதே காக்காய்கள் கரைகிற சத்தம் கேட்டது.

கதவைத் தள்ளினார்.

சம்பூர்ணம் தலையணையில் சாய்ந்திருந்தாள். தட்டு மடியில் இருந்தது. வலது கை ஜன்னல் கம்பிக்கு வெளியே நீண்டிருந்தது. கையில் பாதி இட்லி.

அவரைக் கண்டதும் காக்காய்கள் பறந்தன.

அவள் கையை உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை.

"சீக்கிரம் வந்துட்டீங்க," என்றாள்.

அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"எத்தினி நாளா?"

"உங்க கை நழுவி நான் விழுந்தேனே, அதுலேர்ந்து."

"ஏன்?"

"விழுந்தது எனக்கு வலிக்கலைங்க. கீழேர்ந்து என்னைத் தூக்கினீங்க பாருங்க, உங்க முதுகுல கடக்குனு ஒரு சத்தம் கேட்டுது. நீங்க முனகினீங்க. அது என் காதை விட்டுப் போகவே இல்ல."

"அதுக்குத்தானே நான் ஜிம்முக்குப் போனேன்?"

"நீங்க போனீங்க. நான் எங்க போறது? படுத்த இடத்துலேர்ந்து என்னால முடிஞ்சது இதுதான்."

அவர் அவளுடைய கையைப் பிடித்தார். மணிக்கட்டை அவர் விரல்கள் சுற்றி வளைத்து, மேலே ஏறி மடிந்துகொண்டன. இவ்வளவு நாள் தினமும் பிடித்த கைதான்.

"பசிக்கலையா சம்பூர்ணம்?"

"முதல்ல பசிச்சுது. அம்மனுக்கு விரதம்னு நெனச்சுக்கிட்டேன். அப்புறம் பழகிடுச்சு."

அவர் தட்டை எடுத்தார். மீதி இருந்த இட்லியைப் பிட்டு, தண்ணீரில் நனைத்து, அவள் வாயில் வைத்தார். அவள் மறுக்கவில்லை. ஒரு வாய் இறங்கியது. இன்னொரு வாயும் இறங்கியது. அதற்கடுத்தது அப்படியே திரும்பி வந்தது. அதோடு மற்றதும் வந்தது.

துண்டால் துடைத்துவிட்டார்.

"உள்ள வழி அடைச்சுக்கிச்சு போலங்க," என்றாள் அவள், விருந்தாளி வந்த நேரத்தில் வீட்டில் பால் இல்லாமல் போனதற்கு வருத்தப்படுகிறவள் மாதிரி.

*

மறுநாள் கஜேந்திரன் ஜிம்முக்கு வந்தார்.

மணல் குவியல் அப்படியே இருந்தது. முரளி துடைப்பத்தை எடுத்திருக்கிறான், மாஸ்டர் வேண்டாம் என்றிருக்கிறார். எல்லோரும் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள்.

கஜேந்திரன் குவியலுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"ராத்திரி கஞ்சி ஊத்தினேன் மாஸ்டர். நாலு ஸ்பூன் தங்கிச்சு."

ஒரு சிட்டிகை மணலை எடுத்தார். திறந்து கிடந்த மூட்டைக்குள் போட்டார்.

பிறகு அவராகவே முக்காலியை எடுத்துப் போட்டுக்கொண்டார். உட்கார்ந்தார். எழுந்தார். மாஸ்டர் ஒன்றும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

அதற்கப்புறம் தினமும் அப்படித்தான். சில நாள் ஒரு சிட்டிகை. ஒரு நாள் ஒரு கைப்பிடி, அன்று அவள் மோர் சாதம் சாப்பிட்டிருந்தாள். சில நாள் வந்து, மூட்டைக்குள் கைவிட்டு, முந்தின நாள் போட்டதை எடுத்துத் திரும்பக் குவியலிலேயே கொட்டுவார். அப்போது யாரும் அவர் முகத்தைப் பார்க்க மாட்டார்கள்.

டாக்டரம்மாவை வீட்டுக்கே அழைத்து வந்தார். அவர் பார்த்துவிட்டு, மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, படியிறங்கும்போது சொன்னார்: "கொஞ்சம் முன்னமே கூப்பிட்டிருக்கலாம்."

அதையும் கஜேந்திரன் மாஸ்டரிடம் வந்து சொன்னார்.

முரளி கண்ணாடியைப் பார்ப்பதைவிட்டு அவர் பக்கத்தில் வந்து நின்றான். பவுடர் டப்பா ஒன்றை நீட்டினான்.

"உடம்பு தேறுறதுக்கு நான் பால்ல கலந்து குடிக்கிறது நைனா. அம்மாவுக்குக் கொஞ்சம் கொடுத்துப் பாருங்க. இது ஒத்துக்குமான்னு அந்த டாக்டரம்மாவை முதல்ல கேட்டுக்குங்க."

கஜேந்திரன் அதை வாங்கித் துண்டில் முடிந்துகொண்டார்.

பிறகு குவியலைப் பார்த்தார். அது குறைந்த மாதிரியே இல்லை.

"இது கரையுமா மாஸ்டர்?"

மாஸ்டரும் குவியலைப் பார்த்தார்.

"உக்காருங்க நைனா."

உட்கார்ந்தார்.

"எழுந்திருங்க."

எழுந்தார்.

*

வைகாசி பிறந்தது.

விடியும்போதே பம்பை சத்தம் ஊரெல்லாம் கேட்டது. தெருவில் மஞ்சள் தண்ணீர் தெளித்திருந்தார்கள். வீட்டு வாசல்களில் தேங்காயும் கற்பூரமும் தட்டில் தயாராக இருந்தன. வானம் மட்டும் மூட்டம் போட்டிருந்தது. காற்று இல்லை.

கஜேந்திரன் அவளுக்கு முகம் துடைத்து, மஞ்சள் புடவை சுற்றி, ரவிக்கைக்கு ஊக்குப் போட்டுவிட்டார். நெற்றியில் குங்குமம் வைத்தார். கோணலாகப் போயிற்று. திரும்ப வைத்தார்.

"இத்துனூண்டு பூ," என்று கேட்டாள்.

வைத்துவிட்டார்.

ஜன்னலில் ஒரே ஒரு காக்காய் வந்து உட்கார்ந்து உள்ளே எட்டிப் பார்த்தது. அதற்குப் போட ஒன்றும் இல்லை. காலையில் கஞ்சியை அவளே குடித்திருந்தாள். தங்குமோ தங்காதோ, இதுவரைக்கும் தங்கியிருந்தது.

"தெருமுனை வரைக்கும்தானேங்க?"

"தெருமுனை வரைக்கும்."

அவர் துண்டை இடுப்பில் கட்டினார். முழங்காலை மடித்தார். அவள் தோளுக்குக் கீழே ஒரு கையும் முழங்காலுக்குக் கீழே ஒரு கையும் கொடுத்து, நெஞ்சோடு சேர்த்து நிமிர்ந்தார். எங்கும் பிடித்துக்கொள்ளவில்லை. முதுகில் சத்தம் இல்லை. மூச்சு வாங்கவில்லை. அவள் வலது கை அவர் கழுத்தைச் சுற்றிக்கொண்டது. கீறுவதற்கு வளையல் இல்லை.

கதவைத் தாண்டினார். முதல் படியில் கால் வைத்தார்.

கீழே பம்பை நெருங்கி வந்துகொண்டிருந்தது. அம்மன் பக்கத்துத் தெருவுக்கு வந்துவிட்டாள் போலிருக்கிறது. பெண்கள் குலவை போடுவது கேட்டது.

பாதிப் படியில் அவள் அவர் காதுக்குப் பக்கத்தில் வாய் வைத்தாள்.

"கனக்கிறேனாங்க?"

அவர் நின்றுவிட்டார்.

தகரக் கூரைக்குக் கீழே, எல்லோரும் சுற்றிக்கொண்டு நடக்கிற அந்த மணல் அவர் கண்ணில் வந்து நின்றது.

"கனக்கிறே," என்றார். "ரொம்பக் கனக்கிறே."

அவள் முகம் சுருங்கிப் போயிற்று. கழுத்தைச் சுற்றியிருந்த கை தளர்ந்தது.

"அப்படின்னா இறக்கி விட்டுடுங்க."

"மாட்டேன்."